தண்ணீர் கண்டால் பாதி தள்ளுபடி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். கிணற்றை எட்டிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்டவன் பெரம்பலூர் தாலுகாவில் கிணறு அளக்கிற உத்தியோகத்துக்கு மனுப்போட்டு, சிபாரிசு பிடித்து, வேலை கிடைத்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் வேறு உடைத்தேன். காரணம், விளம்பரத்தில் சைக்கிள் அலவன்ஸ் உண்டு என்று போட்டிருந்தது. அந்த வரியைத் தாண்டி நான் படிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். எங்களுக்குத் தண்ணீர் என்பது வாய்க்காலில் தானாக வருவது. வராவிட்டால் மராமத்து இலாகாவைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வோம். பூமியைத் தோண்டினால் தண்ணீர் வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். தோண்டினால் கல் வரும், மேலும் தோண்டினால் இன்னும் கெட்டியான கல் வரும் என்று புத்தகம் எழுதியவர் சொல்லவில்லை. அவரும் தஞ்சாவூர்க்காரராக இருந்திருக்க வேண்டும்.

1. சாலில் இறங்கிய ஆபீசர்

அது சண்டைக் காலம். பர்மா அரிசி நின்றுபோய் எங்கே பார்த்தாலும் ரேஷன். உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று சர்க்கார் சுவர் சுவராக எழுதி வைத்தது. சுவரில் எழுதினால் நெல் விளையாது என்று யாரோ எடுத்துச் சொல்லியிருப்பார்கள் போல, கிணற்று மானியத் திட்டம் வந்தது.

திட்டம் இதுதான். கிணறு வெட்டச் சர்க்கார் கடன் கொடுக்கும். தண்ணீர் கண்டால் கடனில் பாதி மானியமாகத் தள்ளுபடி. காணாவிட்டால் முழுக்கடனும் வட்டியோடு வசூல், நிலவரிப் பாக்கியை வசூலிக்கிற மாதிரியே. ஈடு அந்த நிலம்தான். இன்று இதைப் படிக்கிற இளைய குமாஸ்தாக்கள் தயவுசெய்து இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இதனால்தான் விளைந்தது.

என் பதவிக்குப் பெயர் ஸ்பெஷல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஊர்க்காரர்கள் 'கெணத்து ஆர்.ஐ.' என்று சுருக்கிவிட்டார்கள். சைக்கிளில் போக வேண்டும், கிணற்றில் இறங்க வேண்டும், ஆழம் அகலம் அளக்க வேண்டும், ஏறி வர வேண்டும். இதில் முதலாவது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முதல் நாள் குரும்பலூர்ப் பக்கம் ஒரு கிணறு. புதுக் கிணற்றுக்குப் படி ஏது? தண்ணீர் இறைக்கிற தோல் சால் ஒன்றில் என்னை உட்காரவைத்து, வடத்தில் கட்டி இறக்கினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டேப்பைக் கையில் வைத்திருப்பதாக நினைத்து என் வேட்டி நுனியைப் பிடித்திருந்தேன். டேப் எனக்கு முன்னாலேயே கீழே போய்விட்டது. மேலே நின்ற கணக்குப்பிள்ளை, தலைமுடியெல்லாம் நரைத்த வாய்த்துடுக்கான மனிதர், என் காதில் விழும்படியாகவே சொன்னார்:

"வெள்ளைக்காரன் ஆளு புடிக்கிறதுல கெட்டிக்காரன்தான். நீச்சல் தெரியாதவனை நேவிக்கு எடுத்துக்கிட்டான், இவரை இங்க அனுப்பிட்டான்."

ஆபீசில் வேறொரு பாடம் காத்திருந்தது. மாதாமாதம் திருச்சிக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் போகும். அதில் கிணறுகளுக்கு மூன்று கட்டம்: தண்ணீர் கண்டது, வேலை நடக்கிறது, வறண்டது. மூன்றாவது கட்டத்தில் நான் பொறுப்பாக எண்களை நிரப்பிக்கொண்டு போனேன். ஹெட் கிளார்க் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தக் கட்டம் அச்சடித்தவன் அழகுக்காகப் போட்டது, அதில் நாம் எழுதுவது வழக்கமில்லை என்று அன்பாகச் சொன்னார். எழுதினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வருமாம். அப்படியானால் வறண்ட கிணற்றை எங்கே எழுதுவது என்று கேட்டேன். வேலை நடக்கிறது என்றார். வேலை நின்றுபோயிருந்தால்? இன்னும் கொஞ்சம் தோண்டச் சொல், நடக்கும் என்றார்.

இப்படித்தான் அந்தத் தாலுகாவில் எந்தக் கிணறும் வறளாமல் இருந்தது. வெட்டுகிறவர்கள் 'இன்னும் ரெண்டடி' என்பார்கள். கணக்குப்பிள்ளை 'இன்னும் ரெண்டடி' என்பார். நானும் சாலிலிருந்து ஏறி வந்து, உயிரோடு வந்த சந்தோஷத்தில், கேட்கிறவர்களுக்கெல்லாம் 'இன்னும் ரெண்டடி' என்றேன். கொஞ்ச நாளில் என் பெயரே ரெண்டடி ஐயா ஆகிவிட்டது. அரும்பாவூர்ச் சந்தையில் ஒருவர் என் பக்கத்து ஆளிடம், ரெண்டடி ஐயா எத்தனை அடி உசரம் இருப்பாரு என்று விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

2. மாடு படுத்த இடம்

வையாபுரியின் நிலம் குரும்பலூருக்கு மேற்கே, பாறை முதுகு தெரிகிற மேட்டுப் புஞ்சை. மழை பெய்தால் சோளமும் கம்பும் விளையும். பெய்யாவிட்டால் அவரும் மனைவி அஞ்சலையும் அடுத்தவர் நிலத்தில் களை வெட்டப் போவார்கள். குழந்தை கிடையாது. அந்த நிலத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் கிடையாது.

எங்கே கிணறு வெட்டுவது என்பதை மாடு முடிவு செய்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. நிலத்தில் மாட்டைக் கட்டாமல் விட்டுவிட்டு, அது எங்கே படுத்து அசைபோடுகிறதோ அங்கேதான் கீழே குளிர்ச்சி என்பார்கள். ஆபீசில் இடத் தேர்வுக்கு ஒரு இங்கிலீஷ் பாரம் இருந்தது. அதில் 'தேர்வு செய்தவர்' என்ற இடத்தில் மாடு என்று எழுதலாமா என்று ஹெட் கிளார்க்கைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் சரளை மண். பிறகு சுக்கான் கல். பிறகு பாறை. சண்டைக்கு மருந்து வேண்டியிருந்ததால் பாறை உடைக்க வெடிமருந்து கிடைப்பது கஷ்டம். பர்மிட் வாங்கி, காத்திருந்து, விலை கொடுத்து வாங்க வேண்டும். கடன் பணம் முழுதும் பாறைக்குள் போயிற்று. பிறகு ஆடுகளை விற்றார்கள். வெட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் போனதும் வையாபுரியே இறங்கித் தமர்க் கம்பி பிடித்து வெடிக்குத் துளை போட ஆரம்பித்தார். மேலே நின்று கல் கூடையை இழுப்பது அஞ்சலை.

வையாபுரி பேசுகிற ஆளில்லை. கிணற்றுக்குள்ளிருந்து 'இளு' என்று ஒரு சொல் வரும், கூடை மேலே போகும். அஞ்சலைதான் பேசுவாள். நான் சாலில் இறங்கி ஏறும்போதெல்லாம், என் முகம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கம்பங்கூழ் கரைத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டுக் கேட்பாள்.

"ஐயா, ஈரம் தெரியுதுங்களா?"

நான் என் வேட்டியைச் சொல்லி ஏதாவது வேடிக்கை பண்ணுவேன். அவள் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்பாள். நான் ரெண்டடி சொல்வேன்.

கடைசியில் ஸ்பெஷல் டிப்டி தாசில்தார் நேரில் வருவதாகத் தாக்கீது வந்தது. வருஷக் கணக்கு முடிகிற நேரம். தண்ணீர் கண்ட கிணறுகளைக் கண்ணால் பார்த்து மானியத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறார். வேலை நடக்கிறது என்று எழுதிய கிணறுகளையும் பார்ப்பாராம், வையாபுரி கிணறும் அந்தப் பட்டியலில் இருந்தது.

3. கல்லில் ஊறிய மீன்

டிப்டி தாசில்தார் வருகிற அன்று காலையில் நான் முன்கூட்டியே போனேன். கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கணக்குப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தேன். தண்ணீர். இடுப்பளவு தண்ணீர். வானம் அதில் தெரிந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் பயமே மறந்துவிட்டது. நானே சாலில் ஏறி உட்கார்ந்து இறக்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றுக்குள் போனேன். போயிருக்கக் கூடாது. தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

பாறையை வெடிவைத்துப் பிளந்த கிணற்றில், நேற்று ஊறிய தண்ணீரில், மீன்.

மேலே நிமிர்ந்து பார்த்தேன். வட்டமாகத் தலைகள். பிற்பாடு தெரிந்த விஷயம் இது: ஏரியிலிருந்து வண்டி வண்டியாகப் பீப்பாயில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வண்டி வைத்திருந்தவன் வண்டி கொடுத்தான், மாடு வைத்திருந்தவன் மாடு கொடுத்தான், ஒன்றுமில்லாதவர்கள் குடத்தில் சுமந்தார்கள். அடிப்பாறையில் ஒரு கீறல்கூட இல்லாததால் ஊற்றியது ஊற்றியபடி நின்றது. உள்ளே வராத தண்ணீருக்கு வெளியே போகவும் வழியில்லை.

என் சோலாத் தொப்பியைக் கழற்றி அந்த மீனைத் துரத்தினேன். சால் ஆடிற்று, மேலே இரண்டு பேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு திட்டினார்கள். ஒருவழியாகப் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். வையாபுரி வேறு பக்கம் பார்த்தார். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்று எந்தப் பக்கம் அம்மா என்று கேட்டேன்.

"எல்லாப் பக்கமும்ங்க" என்றாள்.

டிப்டி தாசில்தார் ஜட்காவில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. தாலுகா முழுதும் கல்லையே பார்த்துப் பார்த்து மனம் நொந்து போயிருந்தவர். எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த அழகை என்னவென்று சொல்வது. கையெடுத்துத் தண்ணீரைக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குப் பையில் மீன் துள்ளியது.

"என்னய்யா நெளியறே?"

"குளிர்ச்சி சார். உள்ளே நல்ல குளிர்ச்சி."

அவர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். சந்தோஷம் விடவில்லை. ஊற்றுப் பீறிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு இறைப்பு இறைத்துக் காட்டுங்கள் என்றார். எருது கட்டிச் சாலை இழுக்கிற கவலைக்கால் வேறு நட்டுத் தயாராக இருந்தது. தண்ணீர் வரும் என்று நம்பி வையாபுரி எப்போதோ நட்டு வைத்தது.

அஞ்சலை மட்டும் முன்னால் வந்தாள். குலசாமிக்குப் பொங்கல் வைக்காமல் புதுக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கக் கூடாது, பொங்கலை வைகாசியில்தான் வைப்போம் என்றாள். வழக்கம் உண்மைதான். வைகாசி மட்டும் அவள் அப்போது கண்டுபிடித்தது. அதற்குள் ஸ்டேட்மெண்ட் திருச்சிக்குப் போய்விடும் என்று கணக்குப்பிள்ளை சொல்லிக்கொடுத்திருப்பார்.

வந்தவர் சாமி பக்தியில்லாத மனிதராக இருந்திருந்தால் சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார். எங்கள் டிப்டி தாசில்தார் உருகிவிட்டார். அதற்கென்ன அம்மா, சாமி காரியத்தைத் தள்ளிப் போடுவானேன், இப்போதே வைத்துவிடுவோம் என்று சொல்லி, அரிசிக்கும் வெல்லத்துக்கும் தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார். ரேஷன் காலத்தில் பச்சரிசிக்கு ஆள் அனுப்பி வாங்கியும் கொடுத்தார்.

பொங்கல் பொங்கியது. அஞ்சலை அந்தத் தண்ணீரிலேயே பொங்கினாள். குலவை போட வேண்டிய நேரத்தில் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு போட்டார்கள். எருதுகளுக்கு மஞ்சள் தடவினார்கள். இறைப்பு ஆரம்பித்தது.

எருதுகள் சரிவில் இறங்கும், சால் ஏறி வரும், தண்ணீர் கொட்டும், எருதுகள் பின்னால் நகரும். வையாபுரிதான் ஓட்டினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி அந்தக் காய்ந்த புஞ்சைக்குள் நுழைந்தபோது ஒரு கணம், எல்லாம் தெரிந்த எனக்கே, இது நிஜம் என்று தோன்றிவிட்டது. வையாபுரியும் எருதை நிறுத்திவிட்டுத் திரும்பி அதைப் பார்த்தார். தன் நிலத்தில் தண்ணீர் ஓடி அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. சால் பாறையில் உரசியது. அடுத்த சாலில் கலங்கல் வந்தது, அதோடு நாலைந்து மீன்கள் வந்து வாய்க்காலில் விழுந்து துடித்தன. என் பையில் இருந்தது வீணாகச் செத்தது.

டிப்டி தாசில்தார் குனிந்து ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மீன் கல்லுல ஊறுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாகை மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். தண்ணீர் எப்படி வந்திருந்தாலும் சரி, ஒரு பக்கம் கசிந்தாலும் கண்டதாக எழுதிவிடுகிறேன் என்றார். எல்லோரும் காத்திருந்தோம். ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. பொங்கல் பானை வைத்த இடத்திலேயே ஆறிப்போய் இருந்தது. வெயில் சாய்ந்தபோது நான் மறுபடியும் இறங்கினேன். பாறையில் கை வைத்தேன். காலையில் இருந்த ஈரமும் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது.

மேலே வந்து, சார், வழக்கம்போல வேலை நடக்கிறது என்று போட்டுவிடலாம், இன்னும் ரெண்டடி போனால் என்று ஆரம்பித்தேன். அவரும் பேனாவைத் திறந்துவிட்டார். மெமோ அவருக்கும்தான் வரும். அப்போது அஞ்சலை வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றாள்.

"வேணாம்ங்க. தண்ணி இல்லேன்னு எளுதிடுங்க."

"எழுதினா நெலம் போயிடும்மா" என்றார் டிப்டி தாசில்தார்.

"தெரியுங்க. நீங்க நடக்குதுன்னு எளுதுனா இவரு நாளைக்கும் எறங்குவாரு. ரெண்டடி ரெண்டடின்னு ஒரு நாளைக்கு வெடியோட உள்ளயே கெடப்பாரு. நெலம் போவட்டும். ஆளாச்சும் மிஞ்சட்டும்."

வையாபுரி எருதின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. டிப்டி தாசில்தார் என்னிடம் பேனாவை நீட்டினார். அந்தத் தாலுகாவில் மூன்றாவது கட்டத்தில் விழுந்த முதல் எழுத்து என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மெமோ வந்தது. டிப்டி தாசில்தாரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். நிலத்துக்குத் தண்டோரா போட்டு ஏலம் விட்டார்கள். கேட்க ஒருவரும் வரவில்லை. ஊர்க்காரர்கள் செய்த மரியாதை அது. ஆள் வராத ஏலத்தில் சர்க்காரே தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும் என்பது விதி. எடுத்துக்கொண்டது. வையாபுரியும் அஞ்சலையும் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போய்விட்டார்கள்.

4. அரியலூர்

இளையவர்களுக்குப் பாடம் சொல்லாமல் முடித்தால் பென்ஷன்காரன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் பாடம் சின்னது. ஸ்டேட்மெண்டில் எந்தக் கட்டத்தில் எழுத உங்கள் ஆபீசில் எல்லோரும் தயங்குகிறார்களோ, அதை முதல் மாதமே எழுதிவிடுங்கள். மெமோ வந்தால் காகிதம்தான் வரும். நீங்கள் நல்ல மனசோடு சொல்கிற ரெண்டடியை இன்னொருவர் இறங்கி வெட்ட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை. சுதந்திரம் வந்த பிறகு ஒரு உத்தரவு வந்தது. வறண்ட கிணற்றுக்கு வாங்கிய கடனை மனுப் போட்டால் தள்ளுபடி செய்யலாம், சர்க்கார் எடுத்த நிலத்தைத் திருப்பியும் கொடுக்கலாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து அரியலூர் போய், விசாரித்து விசாரித்து அந்தக் குழியைக் கண்டுபிடித்தேன். வெள்ளை வெளேரென்று புழுதி. அஞ்சலை தலையில் கூடையோடு மேடேறி வந்துகொண்டிருந்தாள். புருவமெல்லாம் சுண்ணாம்பு. என்னைத் தெரிந்துகொண்டாள், கூடையை இறக்கவில்லை.

நான் மூச்சுவிடாமல் சொன்னேன். உத்தரவு, மனு, தள்ளுபடி, நிலம் எல்லாம். மனுவை நானே எழுதி எடுத்து வந்திருந்தேன். வையாபுரி கைநாட்டு வைத்தால் போதும், அவரைக் கூப்பிடுங்கள், குழியில் இருக்கிறாரா என்று கேட்டேன். பின்னால் வந்த ஒரு பெண்தான் சொன்னாள், போன கோடையில் வாந்திபேதியில் அவர் போய்விட்டார் என்று.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். வாயை மூடிப் பழக்கமில்லாதவன். பரவாயில்லை அம்மா, பட்டாவை உங்கள் பேருக்கே மாற்றிவிடலாம், வாரிசுதாரர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், நிலம் உங்களுக்குத் திரும்ப வந்துவிடும் என்றேன்.

அஞ்சலை கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

"எதுக்குங்க?" என்றாள்.